அருங்காட்சியகமான அரண்மனை

பாங்காக் நகரில் சனாம் லுவாங் என்னும் பெருந்திடலின் மேற்கு ஓரத்தில், தம்மசாத் பல்கலைக்கழகத்தை அடுத்து இருக்கிறது தாய்லாந்தின் தேசிய அருங்காட்சியகம். இது காட்சிப் பொருள்களுக்காகக் கட்டிய இடம் அன்று. 1782இல் முதலாம் ராமா பாங்காக்கைத் தலைநகராக்கியபோது, அவருடைய தம்பி தமக்கென எழுப்பிய அரண்மனை. 'வாங் நா', அதாவது முன் அரண்மனை என்பது அதன் பெயர். அரசருக்கு அடுத்த நிலையிலிருந்த துணையரசர்கள் இங்கே வாழ்ந்தார்கள். 1885இல் கடைசித் துணையரசர் இறந்ததும், ஐந்தாம் ராமாவான சுலாலங்கோர்ன் அந்தப் பதவியையே ஒழித்தார். அரண்மனை காலியானது.

அருங்காட்சியகம் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. தந்தை மங்குட் மன்னர் சேர்த்து வைத்திருந்த அரும்பொருள்களை, 1874 செப்டம்பர் 19 அன்று அரச மாளிகையின் கன்கார்டியா மண்டபத்தில் மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்தார் சுலாலங்கோர்ன். அந்தத் தேதியே இன்றும் தாய்லாந்தின் அருங்காட்சியக நாள். 1887இல் அந்தச் சேகரிப்பு முன் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது.

உள்ளே நுழைபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது புத்தாய்சவான் ஆலயம். 1795இல் 'பிரா புத்த சிகிங்' என்னும் புத்தர் சிலைக்காகக் கட்டியது. இந்தச் சிலை இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்ததாகத் தாய் மரபு சொல்கிறது. சாளரங்களுக்கு இடையே புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள். அவற்றுக்கு மேலே, கைகூப்பியபடி சிலையை நோக்கி வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் தேவர்கள். ஓவியங்களின் நிறம் மங்கியிருந்தாலும் கோடுகளின் உயிர் போகவில்லை. இங்கே வருகிற தாய்லாந்து மக்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்ப்பதுபோல இந்தச் சிலையைப் பார்ப்பதில்லை, மண்டியிட்டு வணங்குகிறார்கள். ஏப்ரலில் சொங்க்ரான் புத்தாண்டு வரும்போது சிலை ஊர்வலமாக வெளியே எழுந்தருளும். மக்கள் நறுமண நீர் ஊற்றி வழிபடுவார்கள்.

தேர்க் கொட்டகையில் உள்ளவையும் வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. அங்குள்ள 'பிரா மகா பிச்சாய் ராச்சரோத்' என்னும் மாபெரும் மரத்தேர், முதலாம் ராமா தம் தந்தையின் இறுதிச் சடங்குக்காக 1795இல் செய்வித்தது. உயரம் 11 மீட்டருக்கு மேல். எடை ஏறத்தாழ 14 டன். பொன்முலாமும் நாக உருவங்களும் நெருங்கிய இந்தத் தேரை இருநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள் சேர்ந்து இழுக்கவேண்டும். 2017 அக்டோபரில் பூமிபோல் மன்னரின் தாழியை ஏற்றிச் சென்றது இதே தேர்தான்.

வரலாற்றுக் காட்சிக்கூடங்கள் துவாரவதியின் தர்மச் சக்கரங்களில் தொடங்கி, ஸ்ரீவிஜயம், லோப்புரி, சுகோதாய், அயுத்தயா எனக் காலவரிசையில் விரிகின்றன. இங்குள்ளவற்றில் புகழ்பெற்றது ராம்காம்ஹேங் மன்னரின் கல்வெட்டு. துறவியாக இருந்த காலத்தில் மங்குட் 1833இல் சுகோதாயில் கண்டெடுத்த இந்த நான்முகத் தூண், 1292ஆம் ஆண்டைக் குறிக்கிறது. தாய் எழுத்துக்கு இதுவே மிகப் பழைய சான்றாகக் கருதப்படுகிறது. பிற்காலத்தில் செதுக்கியதாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் ஐயம் எழுப்பியதுண்டு; ஆயினும் 2003இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தாய் எழுத்து பழைய கெமர் எழுத்திலிருந்தும், கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்தும் கிளைத்தவை. காஞ்சியை அறிந்தவர்கள் இந்தத் தூணின் முன் சற்று நேரம் நிற்பது தகும்.

தமிழகத்தோடு உள்ள இன்னொரு தொடர்பு நேரடியானது. தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த, உயர்ந்த கிரீடம் அணிந்த திருமால் சிலை இங்கே இருக்கிறது. அதே வட்டாரத்தில்தான் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்தது. 'அவனிநாரணம்' என்ற குளத்தையும், அதைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரையும் அது குறிப்பிடுகிறது. தமிழ் வணிகர்கள் அக்கரையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள் மட்டுமல்லர், குளம் காத்து வாழ்ந்தவர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோன் நாடக முகமூடிகள், யானை அம்பாரிகள், நிழற்பாவைகள், பழைய ஆயுதங்கள் என்று வேறு அறைகளும் பல உண்டு. வளாகத்தில் நிற்கும் 'தம்னாக் தேங்' என்னும் செந்நிறத் தேக்கு மர வீட்டைத் தவறவிடக் கூடாது; அரச குடும்பத்துப் பெண்கள் வாழ்ந்த வீடு அது.

திங்கள், செவ்வாய் இரு நாளும் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மற்ற நாள்களில் காலை 9 மணிக்கே போய்விடுவது நல்லது. ஒரு மணி நேரத்தில் ஓடிப் பார்க்கும் இடமல்ல இது; அரை நாளாவது ஒதுக்குங்கள்.