தாய்வீட்டுக்குப் போகும்போது அட்டையும் போகட்டும்

2023 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே 27 வயதுப் பெண் ஒருவர் வீட்டிலேயே பிள்ளை பெற்று, ரத்தப்போக்கில் இறந்துபோனார். யூடியூப் பார்த்துக் கணவரே பிரசவம் பார்த்ததாகச் செய்தி வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அதற்கு ஐந்து வருடம் முன்பு திருப்பூரிலும் இப்படியே ஒரு சாவு நடந்தது.

அந்தக் கணவரைத் திட்டாதவர் இல்லை. திட்டுவது சுலபம், நம் வீட்டில் அப்படி நடக்காது என்ற நிம்மதியும் கூடவே கிடைத்துவிடும். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அப்படியும் தாய்மார்கள் இறக்கிறார்கள். யூடியூப் பார்க்காத, ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போன வீடுகளில் இறக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வீடுகளுக்கு.

மூன்று மாநிலம், மூன்று எண்

கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிக்கு வடக்கே கர்நாடகத்தின் கோலார் மாவட்டம், கிழக்கே ஆந்திரத்தின் குப்பம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர். 2018-20ஆம் ஆண்டுகளுக்கான அரசுக் கணக்கில், உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குக் கர்நாடகத்தில் 69 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54, ஆந்திரத்தில் 45. அடுத்த கணக்கில் தமிழ்நாடு 49க்கு இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் அதே 2018-20 கணக்கில் கேரளத்தின் எண் வெறும் 19. அங்கே மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2004 முதல் தாய் மரணங்களை, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், எங்கே சறுக்கியது என்று ஆராய்ந்து வருகிறது. கர்நாடகம் 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நடந்த 464 மரணங்களைத் தணிக்கை செய்தபோது, 70 விழுக்காட்டுக்கும் மேல் தடுத்திருக்கக்கூடியவை என்று தெரிந்தது.

கர்ப்பகாலத்திலோ, பிரசவம் அல்லது கருக்கலைப்பு முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புடைய காரணத்தால் நேரும் சாவைத்தான் தாய் மரணம் என்று கணக்கில் எடுக்கிறார்கள். அந்த 42 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வருவோம்.

ரத்தம் இரண்டு மணி நேரம்தான் தரும்

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த ரத்தக் குழாய்களின் வாய் திறந்து நிற்கும். அவற்றை மூடுவது மருந்தோ தையலோ அல்ல, கருப்பையின் தசை. அது கல் மாதிரி இறுகிக் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். சில சமயம் இறுகாது. ஏன் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத பெண்களுக்கும் இது நடக்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம்.

குழந்தை பிறந்த உடனே ஆக்சிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். அந்த மருந்து குளிர்பெட்டியில் இருக்க வேண்டியது. வீட்டில் பிரசவம் பார்ப்பவர் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் இந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார். கண்ணை நம்பவும் முடியாது. துணியில் ஊறிய ரத்தத்தைக் கண் பெரும்பாலும் குறைத்துத்தான் மதிப்பிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதைக் காட்டியது: அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கியபோது, கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. விரிப்பு ஒன்றும் பெரிய விலையில்லை.

இதில் வீட்டின் பங்கு பல மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. அரை லிட்டர் ரத்தம் போனால் ஹீமோகுளோபின் 12 உள்ள பெண் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார். 7 உள்ளவர் சரிந்துவிடலாம். மேலே சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நம் பக்கத்தில் 'களி தின்கிற உடம்பு, அதெல்லாம் ஒன்றும் வராது' என்பார்கள். கேழ்வரகு நல்ல தானியம், சுண்ணாம்புச் சத்து நிறைய. ஆனால் அதிலுள்ள இரும்பை உடம்பு முழுதாக உறிஞ்சுவதில்லை. நர்சம்மா கொடுக்கும் மாத்திரைக்குக் களி ஈடாகாது. மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக்கூடாது. எலுமிச்சைச் சாறு நல்ல துணை. மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், இரும்புச்சத்தை ஊசியாக ஏற்ற வழி இருக்கிறது. அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்த மாத்திரை அட்டைகளை எத்தனை வீடுகளில் பார்த்தாயிற்று!

எல்லை தாண்டும் பெண்

இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாநில எல்லையைக் கேட்டு நடப்பதில்லை. வேப்பனப்பள்ளிப் பெண் குப்பத்தில் வாழ்க்கைப்படுவார், கோலார்ப் பெண் நம் ஊருக்கு மருமகளாக வருவார். தலைப்பிரசவத்துக்கு ஏழிலோ ஒன்பதிலோ தாய்வீடு. வளையல் போகிறது, புடவை போகிறது, பலகாரம் போகிறது. கர்ப்பகாலப் பதிவு அட்டை மட்டும் பீரோவிலேயே கிடக்கிறது.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்ததும் கிடைக்கும் 12 இலக்கப் பிக்மி எண்ணை, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கான எண் என்றே பலர் நினைக்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து நர்சின் கணினி அதைத் திறந்து காட்டும் என்று நம்பி இருக்க முடியாது. கர்நாடகத்து 'தாயி கார்டு' கதையும் அப்படித்தான். முதல் பிரசவம் சிசேரியனா, ரத்த வகை நெகட்டிவா, ஐந்தாம் மாதம் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அது இல்லாமல் நள்ளிரவில் வந்து சேரும் பெண்ணை மருத்துவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

ஓசூர்ப் பக்கம் ஆலை வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களுக்கு அட்டையே இல்லாமல் போவதும் உண்டு. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கூட்டிப்போனால் போதும்.

1994இல் தாடியஸ், மெயின் என்ற இரு ஆய்வாளர்கள் தாய் மரணத்துக்கு மூன்று தாமதங்களைக் காட்டினார்கள். கிளம்பலாமா என்று முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கும் தாமதம். மூன்றாவதை அரசிடம் கேட்போம். கிருஷ்ணகிரி அருகே போலுப்பள்ளியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதால் இரண்டாவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் யானை இறங்கும் மாதங்களில் காட்டோரக் கிராமங்களில் இரவில் வண்டி எடுக்க யோசிப்பார்கள். அதனால் ஆபத்து அதிகம் என்று குறித்திருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் தேதிக்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது. 108க்கு அழைத்தால் முதலில் மாநிலத்தையும் வட்டத்தையும் சொல்லுங்கள். செல்போன் எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்திருக்கும் என்று யார் கண்டது?

முதல் தாமதம் முழுக்க நம்முடையது. 'வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரட்டும்', 'விடியட்டும் பார்க்கலாம்.' கணவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டால், பாதி வேலை முடிந்தது.

சாவியால் நிற்காத வலிப்பு

ஐந்து மாதத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐத் தொட்டால் அது எச்சரிக்கை. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குவது ஆகியவை அடுத்த படி. அதற்கடுத்தது வலிப்பு. கையில் இரும்புச் சாவி கொடுத்து நேரம் போக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து வண்டியைக் கூப்பிடுங்கள். மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்துதான் அதை நிறுத்தும்.

பேசக் கூச்சப்படும் சாவுகள்

பதினைந்து, பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணின் இடுப்பெலும்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. இதைப் படிக்கும் யாராவது அப்படியொரு கல்யாணப் பத்திரிகையைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம். இன்னொன்று, பெண் குழந்தை என்று திருட்டுத்தனமாக ஸ்கேனில் பார்த்துவிட்டு ஏதோ ஒரு வீட்டில் செய்யப்படும் கருக்கலைப்பு. கருப்பை கிழிந்தாலும் சீழ் பிடித்தாலும், போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதில்லை. சட்டப்படியான கருக்கலைப்பு அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. எங்கோ செய்துகொண்டு காய்ச்சலோடு வந்தால்கூட, உயிரைக் காப்பாற்றுவதுதான் மருத்துவரின் முதல் வேலை.

அந்த 42 நாட்கள்

பிள்ளை பிறந்ததும் எல்லாருடைய கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் மருத்துவமனையில் இருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தால், குளிர்காய்ச்சலோ நாற்றமடிக்கும் போக்கோ இருந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் திரும்பப் போக வேண்டும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். 'எனக்கு எதுவும் பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது' என்று பிள்ளை பெற்றவள் சொன்னால் அது திமிர் அல்ல, நோய். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மருத்துவ உதவி எண் 104க்கும் பேசலாம்.

ஒன்பதாம் மாதம் பிறக்கும் முன் வீட்டுக் காலண்டரின் பின்பக்கம் மூன்றை எழுதிவையுங்கள்: ராத்திரியில் வரச் சம்மதித்த வண்டிக்காரரின் எண், ரத்தம் கொடுக்கத் தயாராக இருக்கும் இரண்டு பேரின் பெயர், எந்த ஆஸ்பத்திரி என்பது. அட்டையைப் பீரோவிலிருந்து எடுத்து இப்போதே கர்ப்பிணியின் பையில் போடுங்கள்.