புண்ணும் நோவும்: மூளைத்தண்டின் ஏற்பிகள் பற்றி ஒரு விளக்கம்

வில்லியனூர், பாகூர் முதலிய புதுவைக் கொம்யூன்களின் சிற்றூர்களில், மாரியம்மன் கோயில்களில் செடல் விழாவும் திரௌபதியம்மன் கோயில்களில் தீமிதி விழாவும் நடைபெறுதலை யாவரும் அறிவர். நேர்ந்துகொண்டோர் உடலில் கொக்கி குத்தித் தேரிழுப்பர்; தழலில் நடப்பர். அவருள் சிலர் அப்பொழுது நோவு தோன்றவில்லை என்று கூறக் கேட்கின்றோம். புண் உளதாகவும் நோவு இலதாதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினா மேனாட்டாரையும் ஈர்த்தது. கொக்கியில் தொங்கும் இந்தியச் சடங்கொன்றைப் பற்றிக் கோசாம்பி 1967-இல் எழுதினார். மெல்சாக் என்னும் உளவியலறிஞர், நோவு பற்றித் தாம் 1973-இல் வெளியிட்ட நூலில் அதனை எடுத்துக்காட்டினார். நோவுச்செய்தி தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை எய்தும் என்றும், அவ்வாயிலை மூளை அடைக்கவும் வல்லது என்றும் அவரும் வால் என்பாரும் 1965-இலேயே கூறியிருந்தனர்.

வாயிலை அடைக்கும் ஆணை எங்கிருந்து பிறக்கின்றது? எலியின் நடுமூளையில், சிறு கால்வாயொன்றைச் சூழ்ந்த சாம்பல்நிறப் பகுதியை மின்னால் தூண்டி, மயக்கமருந்தின்றியே வயிற்றில் அறுவை செய்யலாம் என்று ரெனால்ட்சு 1969-இல் காட்டினார். அப்பகுதியின் ஆணை முகுளத்துக்கும், அங்கிருந்து தண்டுவடத்துக்கும் இறங்குகின்றது.

இனி, ஏற்பி என்பது யாது? ஒரு நரம்பணு உமிழும் வேதிப்பொருளை மற்றோர் அணுவின் மேற்பரப்பில் நின்று ஏற்றுக்கொள்ளும் புரதமே ஏற்பி. அபினிச் சத்தாகிய மார்பீனை ஏற்கும் ஏற்பி மூளையில் உண்டென்பது 1973-இல் நிறுவப்பட்டது. அவ்வேற்பிக்குரிய உடலின் சொந்தப் பொருளாகிய என்கெபலினை ஹியூசும் கோசுடர்லிட்சும் 1975-இல் கண்டறிந்தனர்.

இவ்வேற்பியின் செயல் இலக்கணம் பயின்றார்க்கு எளிதில் விளங்கும். நடுமூளையில் நோவடக்கும் அணுக்களைக் காபா என்னும் பொருள் எப்பொழுதும் தடுத்து வைத்துள்ளது. அபினி ஏற்பி தூண்டப்படின் காபா வெளிப்படுதல் குறைகின்றது. தடை தடுக்கப்படவே, நோவடக்கும் அணுக்கள் எழுகின்றன. 'வாராமல் இரான்' என்புழி எதிர்மறை இரண்டு ஓர் உடன்பாட்டைத் தருதல் போல்வது இது. முகுளத்தில் நோவை மிகுவிக்கும் அணுக்களும் குறைக்கும் அணுக்களும் உள. அபினி ஏற்பி முன்னவற்றை நேரே அடக்கிப் பின்னவற்றைத் தடைநீக்கி எழுப்புகின்றது. ஆகலின் மூளைத்தண்டு நோவைத் தணிப்பது மட்டுமன்று, பெருக்கவும் செய்யும்.

நம்பிக்கைக்கு இதில் இடமுண்டோ எனின், உண்டு. பல் பிடுங்கப்பட்டோர்க்கு மருந்தல்லாததை மருந்தெனக் கொடுத்தபோது சிலர்க்கு நோவு தணிந்தது. அபினி ஏற்பியை அடைக்கும் நலாக்சோனைச் செலுத்தியதும் அத்தணிவு அவர்பால் குன்றியது. லெவைன் முதலியோர் 1978-இல் வெளியிட்ட ஆய்வு இது. எதிர்பார்ப்பு, ஏற்பிகளின் வழியே உடலில் வினைபுரிகின்றது என்பது இதனாற் பெறப்படும். செடலிடும் அடியார் அடையும் அமைதிக்கும் இவ்வழி ஒரு காரணமாகலாம். முழுக்காரணம் இதுவே எனத் துணிதல் பொருந்தாது.

தமிழ் 'புண்' என்றும் 'நோவு' என்றும் இரு சொற்களை வேறு பிரித்து வைத்துள்ளது. அகப்பாடல்களில் காதலால் எய்தும் துன்பமும் நோய் எனப்படும். புண் உடலின் சிதைவு, நோவு உணர்வு. இவ்வேறுபாட்டை மறத்தலால் இரு தீங்குகள் விளைகின்றன. நோவில்லை என்று புண்ணைக் கழுவாது விடுதல் ஒன்று; நோவால் அரற்றுவோரை உறுதியற்றவர் என இகழ்தல் மற்றொன்று. ஏற்பிகளின் செயல் ஆளுக்கு ஆள் வேறுபடும். அது பத்தியின் அளவுகோல் அன்று. புற்றுநோயால் துடிப்பார்க்குத் தரும் மார்பீனும் இவ்வேற்பிகளின் வழியே செயற்படுவது. அம்மருந்து நோயாளர்க்குத் தடையின்றிக் கிடைத்தற்பொருட்டு 2014-இல் இந்தியச் சட்டமும் திருத்தப்பட்டது. விழாக்களத்தில் நோவு தணிதலை வியக்கும் நாம், நோயாளியின் நோவைத் தணித்தலும் கடமை என உணர்தல் வேண்டும்.