கீறலின் ஆழம்

பேரங்காடியில் பொருள் வாங்கிக்கொண்டு திரும்பினால், மகிழுந்தின் கதவில் நீளமாக ஒரு கீறல். உரசிச் சென்றவர் யார் என்று தெரியவில்லை. பட்டறையில் கேட்டால், கதவு முழுவதற்கும் சாயம் அடிக்க வேண்டும், சில நூறு ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். அந்தச் செலவு தேவைதானா? கீறலின் நீளத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. அதன் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

மகிழுந்தின் சாயம் ஒரே பூச்சு அன்று. இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பெரும்பாலும் வெண்மை அல்லது சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு, பிறகு நாம் காணும் வண்ணம், எல்லாவற்றிற்கும் மேலே நிறமற்ற காப்புப் பூச்சு. இத்தனையும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம்தான்!

முதலில் அந்த இடத்தைச் சவர்க்கார நீரால் கழுவித் துடைக்க வேண்டும். கீறல் என்று நாம் பதறுவது, சில வேளைகளில் மற்ற வாகனத்தின் சாயம் ஒட்டிய தடமாகவே இருக்கும். கழுவிய பிறகும் கோடு தெரிந்தால், அதன் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் சிக்காமல் வழுக்கிச் சென்றால், கீறல் பெரும்பாலும் காப்புப் பூச்சோடு நின்றுவிட்டது எனலாம். நீர் பட்டதும் கோடு மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிவதும் அதற்கு அறிகுறியே. இதற்கு மெருகுக் களிம்பு போதும். ஆனால், களிம்பு கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்குகிறது. ஒரே இடத்தில் அடிக்கடி தேய்த்தால் காப்புப் பூச்சே கரைந்துபோகும். பற்பசையால் தேய்க்கச் சொல்வோரும் உண்டு. பற்பசை பல்லுக்கே இருக்கட்டும்!

நகம் சிக்கினால் உற்றுப் பாருங்கள். உள்ளே உலோகம் பளிச்சிட்டால் காலம் தாழ்த்தக் கூடாது. நம் நாட்டு மழையிலும் ஈரக் காற்றிலும் வெறும் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துரு சாயத்தின் அடியில் பரவிக் கொப்புளமாக எழும். ஆகவே, நெடுஞ்சாலையில் கல் தெறித்து முன்மூடியில் விழுந்த அரிசியளவு பொத்தல், கதவிலுள்ள நீண்ட மெல்லிய கீறலைவிட அவசரமானது. அதே பொத்தல் பம்பரில் இருந்தால் காத்திருக்கலாம். பெரும்பாலான பம்பர்கள் நெகிழியால் ஆனவை.

சிறு பொத்தலை வீட்டிலேயே சரிசெய்யலாம். துரு இருந்தால் மெல்லிய மணல்தாளால் நீக்கி, அடிப்பூச்சு, வண்ணம், காப்புப் பூச்சு என்ற வரிசையில் சிறு தூரிகையால் மெல்லியதாகத் தடவ வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடையில் 'சிவப்பு' என்று கேட்டு வாங்காதீர்கள். சிவப்பிலேயே பல வகை உண்டு. பல மகிழுந்துகளில் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் வண்ணக் குறியீடு இருக்கும். அப்படிப் பூசினாலும் அருகில் சென்று பார்த்தால் புள்ளி தெரியத்தான் செய்யும். துரு நின்றதே, அது போதும்.

தகடு நசுங்கியிருந்தாலோ, உலோகம் தெரியும் கீறல் நீண்டிருந்தாலோ பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும். காப்புறுதியில் இழப்பீடு கோரலாமே என்று அப்போது தோன்றும். மலேசியாவில் ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராத தனியார் மகிழுந்துக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு கழிவு உண்டு. இத்தகைய சேதத்திற்குத் தம் காப்புறுதியில் ஒருமுறை கோரினால், அக்கழிவு சுழியத்திற்கு இறங்கிவிடும். எனவே, பாரத்தில் கையொப்பமிடும் முன், பட்டறை கேட்கும் தொகையையும் இழக்கப்போகும் கழிவையும் ஒரு தாளில் அருகருகே எழுதிப் பார்ப்பது நல்லது.