முளைத்துவிட்டால் மட்டும் நல்ல விதையா?

விதை முளைக்கவில்லை என்றால் பத்து நாளில் தெரிந்துவிடும். கடைக்காரரிடம் போய்க் கேட்கலாம். வேறு விதை வாங்கி மறுபடி நாற்று விடலாம். முளைத்தது வேறு ரகமாக இருந்தால் நெல்லில் கதிர் வரும்போதும் பருத்தியில் பூத்துக் காய்க்கும்போதும்தான் தெரியவரும். அதற்குள் உழவு, நடவு, உரம், களை என்று செலவெல்லாம் முடிந்து, பருவமும் கடந்திருக்கும்.

கலவன், அதாவது பிற ரகச் செடி, நிற்கும் நெல் வயலை வரப்பிலிருந்தே அடையாளம் காணலாம். மற்றவை பால் பிடிக்கும் நேரத்தில் சில தூர்கள் முற்றித் தலை சாய்ந்திருக்கும். சில ஒரு முழம் ஓங்கி நிற்கும். சிலவற்றின் மணியில் மூக்கு நீண்டிருக்கும். அறுக்கும்போது முந்தியது உதிரும், பிந்தியது பச்சையாகக் களத்துக்கு வரும். விலையும் குறையும்.

கலப்பு எங்கே நேர்கிறது?

சரியாகச் சுத்தம் செய்யாத அறுவடை இயந்திரம், களம், பழைய சாக்கு ஆகியவற்றில் பிற ரக மணிகள் சேர்ந்துவிடும். வீரிய ஒட்டு விதையில், பெண் செடி தன் மகரந்தத்தாலேயே விதை பிடித்தால் அதுவும் கலப்புதான். பார்வைக்கு அந்த விதையும் வீரிய ஒட்டு விதையும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஆகவே முளைப்புத்திறன் வேறு, இனத்தூய்மை வேறு. நெல் ரகங்களின் சான்று விதைக்கு இனத்தூய்மை குறைந்தது 98 சதவீதம் இருக்க வேண்டும். பருத்தி வீரிய ஒட்டுக்கு 90, ஆமணக்கு வீரிய ஒட்டுக்கு 85 சதவீதம். குவியலிலிருந்து எடுத்த மாதிரியை விதைத்து, வழக்கமாக 400 செடிகள் வரை வளர்த்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்கிடுவார்கள். இதற்கு ஒரு பருவமே ஆகும். டி.என்.ஏ. பரிசோதனையில் சில நாட்களில் முடிவு தெரியும்.

வாங்கும்போது

உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்குப் பச்சை. ரகம், குவியல் எண், பரிசோதனை நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் படித்துப் பாருங்கள். ரசீது தர வேண்டியது விற்பவரின் கடமை. 1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணை அதைச் சொல்கிறது. ரசீதில் ரகமும் குவியல் எண்ணும் இருக்கட்டும். அட்டை இல்லாத பக்கத்தில் பையைப் பிரியுங்கள். பை, அட்டை, ரசீது மூன்றையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.

கலவன் தெரிந்தால்

பயிர் நிற்கும்போதே வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வயலில் பல இடங்களில் நூறு நூறு செடிகளாக எண்ணிக் குறித்து, படம் எடுத்து வையுங்கள். வரிசைக்கு வெளியே நிற்பவை முந்தைய போகத்தில் உதிர்ந்த நெல்லாக இருக்கலாம், அவற்றைச் சேர்க்காதீர்கள். வேளாண் விஞ்ஞானிகள் வந்து பார்க்கக் கோருங்கள். வறட்சி, பூச்சி, உரக்குறை இவை காரணமல்ல, விதையே காரணம் என்று அவர்கள் அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும். அதுவரை வயலை உழுதுவிடாதீர்கள்.

சட்டம் என்ன தருகிறது?

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் மதுசூதன் ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுவதுதான் விவசாயியின் வழக்கம். பரிசோதனைக்கென்று அவர் மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. "மாதிரி எங்கே?" என்று உங்களைத் திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். விதைக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண் உண்டு. பதிவு பெற்ற ரகம், சொன்னபடி பலன் தராவிட்டால், 2001-ம் ஆண்டு பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவின்படியும் இழப்பீடு கோரலாம்.

1966-ம் ஆண்டு விதைச் சட்டமோ முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் அபராதம் என்கிறது. நட்டப்பட்டவருக்கு இழப்பீடு தர அதில் வழியே இல்லை. ஒரு ஏக்கர் நடவுக் கூலிக்குக்கூடக் காணாத இந்தத் தொகை எந்தத் தவறையும் தடுக்காது. கலப்பு விதை விற்றவரே விளைச்சல் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று விதைச் சட்டமே சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் விவசாயிகள் எழுந்து கேட்க வேண்டும்.