பாட்டுக்குப் போகும் சல்லி

"நான் போட்ட சல்லி எங்க காக்கா?" ரீலோட் போட்டு வீட்டுப் படி ஏறுவதற்குள் மீதி குறைந்துவிட்டது என்று கொமியூனிகேஷன் கடைக்காரரோடு வாய்த்தர்க்கம் செய்பவர்களை வரிப்பத்தான்சேனையிலும் காணலாம், இறக்காமத்திலும் அக்கரைப்பற்றிலும் காணலாம். கடைக்காரர் பாவம். போனை வாங்கிக் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து காட்டுவார். அங்கே ஆங்கிலத்தில் இரண்டு வரி கிடக்கும்: உங்கள் ரிங்கிங் டோன் சேவை புதுப்பிக்கப்பட்டது, கட்டணம் இவ்வளவு, வரி தனி. எப்போது தொடங்கினோம் என்று போன்காரருக்கு ஞாபகம் இருக்காது. வீட்டில் பிள்ளை விளையாட்டாக அழுத்திய ஒரு இலக்கமாக இருக்கலாம். "ஒரு வாரம் இலவசம்" என்று வந்த செய்திக்குத் தானே பதில் அனுப்பியிருக்கலாம்.

பாட்டுக்குச் சந்தா கட்டும் பழக்கம் நம் ஊர்ப் பக்கம் முதலில், நம்மை அழைப்பவர் காதில் பாடும் இந்த ரிங்கிங் டோன் வழியாகத்தான் வந்தது. ஸ்பொட்டிஃபை போன்ற செயலிகள் அதற்குப் பிறகு வந்தவை. ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் ஒரே அறிவிப்பில் 80க்கும் மேற்பட்ட நாடுகளுக்குள் வந்தபோது இலங்கையும் அதில் இருந்தது. இன்று வேளாண்மை வெட்டும் காலத்தில் இயந்திரம் ஓட்டுகிற இளைஞன் இளையராஜாவையும் கேட்கிறான், நாகூர் ஹனிபாவையும் கேட்கிறான். அவன் உம்மா சுபஹுக்குப் பிறகு கிராஅத் கேட்கிறார். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடமே விட்டுவிடுவோம். கஸீதா கேட்டாலும் சினிமாப் பாட்டுக் கேட்டாலும் சல்லி போகும் வழி ஒன்றுதான்.

இலவசமாகவும் கேட்கலாம், இடையிடையே விளம்பரம் வரும். சூரா ஓதி முடிந்த கையோடு ஏதோ ஒரு விளம்பரம் அலறுவது பலருக்குப் பொறுக்காது. கட்டணத்துக்கு மாறுகிறவர்களில் இதற்காகவே மாறுகிறவர்களும் உண்டு. அது நியாயமான செலவு என்பது என் எண்ணம். சந்தா கட்டினால் பாட்டைப் போனில் இறக்கி வைத்து, சிக்னல் இல்லாத வயலிலும் கேட்கலாம். டேட்டாவும் மிச்சம். வினாடிக்கு 96 கிலோபிட் தரத்தில் ஒரு மணிநேரம் கேட்டால் ஏறக்குறைய 43 எம்பி போகும், 320 கிலோபிட்டில் 144 எம்பி. நாளுக்கு மூன்று மணிநேரம் கேட்பவருக்கு மாதத்தில் 4 ஜிபிக்கும் 13 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம் அது. மடித்துப் பையில் போட்ட போனுக்கும் சின்ன ஸ்பீக்கருக்கும் உயர்ந்த தரம் தேவையில்லை. செட்டிங்கில் தரத்தைக் குறைத்து வைத்தால் போதும்.

ஆனால் இறக்கி வைத்த பாட்டு நம்முடையதல்ல. ஸ்பொட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையாவிட்டால் இறக்கியவை திறக்காது. சந்தா நின்றாலும் அப்படித்தான். கெசட் வாங்கினோம், நாடா அறும்வரை அது நம் வீட்டில் இருந்தது. இங்கே நாம் கட்டுவது வாடகை. வீட்டுக்காரர் தளபாடத்தை எடுத்துப் போனால் கேட்க முடியாது. 2023 மார்ச்சில் ஸீ மியூசிக் நிறுவனத்துக்கும் ஸ்பொட்டிஃபைக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போக, ஹிந்திப் பாடல்கள் பல ஒரே இரவில் மறைந்தன. கூகுள் பிளே மியூசிக் 2020இன் இறுதியில் மூடப்பட்டது. இந்தியாவில் ஏர்டெல் நிறுவனம் தன் விங்க் மியூசிக்கை 2024இல் மூடியது. படத்துக்கும் இதே கதிதான்: இளையராஜாவின் பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக எழுந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, 2025 செப்டெம்பரில் 'குட் பேட் அக்லி' நெட்ஃபிளிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டது. இப்படி எடுக்கப்பட்டதற்காகச் சந்தாக்காரருக்குச் சல்லி திருப்பிக் கொடுக்க ஒப்பந்த விதிகளில் இடம் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை "வாங்குங்கள்" என்று விற்பவர், இது உரிமமே தவிர உடைமை அல்ல என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நமக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை. ஆகவே மனதுக்கு நெருக்கமான பாட்டு, குறிப்பாக நம் பகுதிக் கலைஞர் பாடிய கவியோ கஸீதாவோ இருந்தால், அவரிடமிருந்தே முறைப்படி ஒரு பிரதி வாங்கி வைப்பது நல்லது. அவருக்கும் அது உதவி. ஏனென்றால் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்படாவிட்டால் ஸ்பொட்டிஃபை அதற்கு ஒலிப்பதிவு உரிமைத் தொகை கொடுப்பதில்லை என்ற விதி 2024இலிருந்து இருக்கிறது.

பிரச்சினை வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சல்லி எந்த வழியாகப் போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் தொலைபேசி நிறுவனத்தைத் திட்டுவதில் பயனில்லை. வழி மூன்று. போன் மீதியிலிருந்து நேரே போவது ஒன்று. ரிங்கிங் டோன், செய்திச் சேவை எல்லாம் இப்படித்தான். வங்கி அட்டையிலிருந்து நேரே பாட்டு நிறுவனத்துக்குப் போவது இரண்டாவது. கூகுள் பிளே அல்லது அப்பிள் கடை வழியாகப் போவது மூன்றாவது. அங்கே கட்டணம் அட்டையிலும் பிடிக்கப்படலாம், போன் கணக்கிலும் சேர்க்கப்படலாம். நிறுத்துவதும் எந்த வழியில் தொடங்கியதோ அந்த வழியில்தான். கூகுள் பிளே வழியாகத் தொடங்கியதைச் செயலிக்குள் தேடி அலைந்தால் பொத்தான் கிடைக்காது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. செயலியைப் போனிலிருந்து அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று படித்த பிள்ளைகளே நம்புகிறார்கள். நிற்காது. போனையே விற்றாலும் நிற்காது. கூகுள் பிளேயைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தட்டி, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற இடத்துக்குப் போய், அங்கே ரத்துச் செய்ய வேண்டும். ரத்துச் செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை பாட்டு ஓடும், அதனால் கடைசி நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. இலவச மாதம் எடுப்பவர்கள் எடுத்த அன்றே புதுப்பித்தல் திகதியைப் போனில் அலாரமாக வைத்துவிடுவது புத்தி. சில சேவைகள் இலவசக் காலத்தில் ரத்துச் செய்தால் உடனே நிறுத்திவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் டொலரில் பிடிக்கும் சேவை என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2022 மார்ச்சுக்கு முன் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. சேவைக் கட்டணத்தில் ஒரு சதமும் கூடாமலே சந்தாக்காரரின் செலவு ஏறியது. நாணய மாற்றுக்கு வங்கி எடுப்பது வேறு. வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கும் 18 வீத வற் வரி விதிக்க 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு ஒக்டோபர் 1 என்று முதலில் குறித்த திகதி பின்னர் தள்ளிப்போடப்பட்டது. பில்லில் தொகை திடீரென்று கூடினால் இதையும் நினைவில் வையுங்கள்.

மலிவுக்கு ஆசைப்படுகிறவர்கள் விழும் குழிகளும் உண்டு. பிரீமியம் எல்லாம் இலவசம் என்று வட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே பைல் வரும். அதை நிறுவும்போது தெரியாத மூலத்துக்கு அனுமதி கொடு, செய்திகளைப் படிக்க அனுமதி கொடு என்று கேட்கும். பாட்டுக் கேட்கும் செயலிக்கு உங்கள் குறுஞ்செய்தி எதற்கு? வங்கி அனுப்பும் ஓடிபி அங்கேதான் வந்து விழுகிறது. இன்னொன்று, முகநூலில் விற்கும் "ஷெயார் அக்கவுண்ட்". குடும்பத் திட்டத்தில் 6 பேர் சேரலாம், ஆனால் ஒரே முகவரியில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது ஸ்பொட்டிஃபையின் விதி. முன்பின் தெரியாதவரின் குடும்பத்தில் சேர்ந்தால் கணக்கு எந்த நேரமும் துண்டிக்கப்படலாம், கொடுத்த சல்லிக்கு ரசீதும் இல்லை. கடையில் சிப்புக்குப் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் தொழிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் சிக்கக்கூடியது. தனிப்பட்ட சந்தாவை வைத்துச் சாப்பாட்டுக் கடையிலும் பஸ்ஸிலும் பாட்டுப் போடுவதற்கும் ஒப்பந்த விதி இடம் தருவதில்லை.

இனி முறைப்பாடு. போன் மீதியில் கேளாமல் வெட்டப்பட்டால் முதலில் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழையுங்கள். "என் இலக்கத்தில் என்னென்ன சேவை ஓடுகிறது, எப்போது, எப்படித் தொடங்கப்பட்டது?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள், வெட்டியதைத் திருப்பிக் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். பதில் சரியில்லை என்றால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது, இலக்கம் 1900. அட்டையில் பிடிக்கப்பட்டால் உடனே வங்கியை அழைத்து அட்டையை நிறுத்தி, எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். வங்கி இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935. விளம்பரத்தில் ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுத்த வியாபாரியானால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஏமாற்றும் நடத்தையைத் தடை செய்கிறது. அங்கே முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். கணக்குக் களவு போனால் இலங்கை சேர்ட் அமைப்பின் 101. கூகுள் பிளேயில் தவறுதலாக வாங்கியதற்கு 48 மணிநேரத்துக்குள் திருப்பிக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு நிறுவனத்தின் மீது நம் அதிகார சபைகளின் பிடி தளர்வு என்பது உண்மைதான். அதனால் அங்கே வங்கி வழியாக மறுப்பதே வேகமான வழி.

பக்கத்து நாட்டைப் பார்த்தால் ஆற்றாமை வருகிறது. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இலேயே, போனில் மதிப்புக்கூட்டு சேவை தொடங்க வாடிக்கையாளரின் இரண்டாவது சம்மதம் வேண்டும் என்று உத்தரவிட்டது. அங்கே 2021 ஒக்டோபர் முதல், அட்டையில் மாதாமாதம் பிடிப்பதற்கு 24 மணிநேரம் முன் வாடிக்கையாளருக்குச் செய்தி போக வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. எளிதாகச் சேர்த்து, விலகுவதைச் சிக்கலாக்கும் சந்தாப் பொறியை 2023 நவம்பரில் அங்கே தடை செய்த நடைமுறைகளில் சேர்த்தார்கள். நம் நாட்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறி, இன்னும் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. சந்தா விஷயத்தில் கேட்பவரின் கவனமே இப்போதைக்குப் பெரிய காவல். இது போதாது. புதுப்பிப்பதற்கு முதல் நாள் தமிழிலும் சிங்களத்திலும் செய்தி அனுப்பக் கட்டளையிடுவது ஆணைக்குழுவுக்குப் பெரிய வேலை அல்ல.

முறைப்பாட்டோடு அம்பாறை மாவட்டச் செயலகத்துக்குப் போனால் சிங்களத்தில் பேச வேண்டும் என்ற தயக்கத்தில் நம்மவர்கள் பலர் முறைப்பாட்டையே கைவிடுகிறார்கள். தயங்க வேண்டாம். அரச நிறுவனங்களோடு தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: பெயர், போன் இலக்கம், எந்தத் திகதியில் எவ்வளவு வெட்டப்பட்டது, நிறுவனம் தந்த முறைப்பாட்டு இலக்கம், நீங்கள் கேட்கும் நிவாரணம். குறுஞ்செய்தியின் ஸ்கிரீன் ஷொட்டை அச்செடுத்து இணையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் ஒரு போட்டோப் பிரதியையும் வீட்டில் வையுங்கள். வெட்டப்பட்டது முப்பது ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். முப்பது ரூபாய்க்கு யாரும் முறைப்பாடு செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.