பெண் மக்களும் பிறந்தகத்து நிலமும்

ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமியிலே இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது முதல் அங்கே நிலம் ரொக்கமாக மாறி வருகிறது. நமது கேள்வி ஒன்றே: அந்த ரொக்கத்தில், அவ்வீட்டில் பிறந்து வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பங்கு உண்டா?

சட்டம் உண்டென்கிறது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை கோரிற்று. கட்சி பேதமின்றி அதை ஒப்புக்கொள்வோம். அறுபது ஆண்டு சென்றபின், 1989-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பிதிரார்ஜித சொத்தில் பெண்ணையும் பங்காளியாக்கியது. ஆனால் அவ்வாண்டு மார்ச்சு 25-க்கு முன் மணமானவளை அது விலக்கிற்று. கலியாணம் செய்துகொண்டது ஒரு குற்றமா? 2005-ம் வருஷத்து மத்தியச் சட்டம் அந்த அநீதியை நீக்கியது. தகப்பனார் அதற்கு முன்னரே காலமாகியிருந்தாலும் உரிமை பிறப்பினால் வந்ததே என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 20-12-2004-க்கு முன் முறைப்படி நடந்த பாகப்பிரிவினைகளும் கிரயங்களும் மட்டும் கலையா.

சட்டம் கொடுத்ததை விடுதலைப் பத்திரம் பறித்துவிடுகிறது. கார் அனுப்பி அழைத்து வருகிறார்கள். ரிஜிஸ்திரார் ஆபீஸில் கையெழுத்து வாங்குகிறார்கள். புடவையுடன் திருப்பி அனுப்புகிறார்கள். மறுத்தால் பிறந்தகத்து வாசற்படி அடைபடுமோ என்ற அச்சத்தினாலேயே அவள் கையெழுத்திடுகிறாள். இதைச் சம்மதமென்று கொள்வது நியாயமாகாது.

சீர் செய்தோமே என்பார்கள். சீர் புருஷன் வீட்டோடு கரைந்துவிடும். புருஷன் கைவிட்டாலும் நிலம் கைவிடாது.

ஆகவே தகப்பனார் காலமானதும் பெண் மக்களின் பெயரையும் பட்டாவில் ஏற்ற வேண்டும். நஷ்டஈட்டு விசாரணை பட்டாவைப் பார்த்தே தொடங்குகிறது. விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பவளைத் தனியே அழைத்து, அவள் விட்டுக்கொடுக்கும் பங்கின் இன்றைய மதிப்பைச் சொன்ன பிறகே பதிவு செய்ய வேண்டுமென்று சர்க்கார் விதி செய்யட்டும்.

சர்க்கார் செய்யும்வரை காத்திராமல், இதை வாசிக்கும் சகோதரர்கள் தத்தம் வீட்டிலேயே தொடங்கலாம். செங்கற்பட்டுச் சீமையின் பழைய கிராமக் கணக்குகளில் சுதந்திரம் என்ற சொல்லுக்கு விளைச்சலில் ஒருவருக்குரிய பங்கு என்று பொருள். தேசத்தின் சுதந்திரத்தைக் கொண்டாடும் நாம், உடன்பிறந்தாளின் சுதந்திரத்தை மடியில் முடிந்துகொள்ளலாமா?