கிழட்டுக் குதிரைகளின் பந்தயம்

இரண்டு மோட்டார்கள் நேர் பாதையில் கால் மைல் தூரம் பாய்ந்தோடும் ‘டிராக்’ பந்தயம் அமெரிக்காவில் பிரசித்தமானது. 1960-களின் ‘மஸில் கார்’ வண்டிகளுக்கென்றே அங்கே தனிப் பந்தயங்களும் உண்டு. மிச்சிகன் மாகாணத்தின் ‘பியூர் ஸ்டாக்’ பந்தயம் அவற்றுள் ஒன்று. தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்திலேயே வண்டி இருக்கவேண்டும் என்பதே அதன் விதிகளின் சாரம். தேய்ந்த யந்திரத்தைச் சிறிது கடைந்து புதுப்பிக்கலாம். அகன்ற பந்தயச் சக்கரங்களைப் பூட்டலாகாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பழைய கதை ஒன்றைப் பார்ப்போம். அக்காலத்தில் தேசிய ஹாட் ராட் சங்கத்தின் விதிப்படி, ஒரு மாதிரியில் 50 வண்டிகளாவது செய்யப்பட்டிருந்தால்தான் அது ‘ஸ்டாக்’ பந்தயத்துக்கு உரியது. ஆகவே, இல்லினாய்ஸ் வியாபாரியான பிரெட் கிப், அலுமினிய யந்திரம் கொண்ட ‘கமரோ’ வண்டிகள் ஐம்பதுக்கு ஆர்டர் கொடுத்தார். 1969-ல் ஷெவ்ரலே கம்பெனி மொத்தம் 69 வண்டிகள் செய்தது. விலையோ 7,000 டாலருக்கு மேல்! பல வண்டிகள் விலைபோகாமல் தேங்கின.

அன்று வண்டியைப் பிறப்பித்தது விதி. இன்று அதைக் காப்பதும் விதியே. பழைய கூட்டுக்குள் புது யந்திரத்தை ஒளித்து வெல்வது எளிது. ஆனால் அவ்வாறு வெல்வது வேஷமேயன்றி வண்டி அல்லவே!